ஓகே சேர், தேங்க்யூ சேர்

“இந்த மெசேஜ் அனுப்பினது நீங்கதானே?”

கொழும்பில் தலைமை அலுவலகம். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான் ஒருத்தி. நுவரெலியாக் குளிரில் வேலை செய்கிறவளுக்கு ஏசி ஒரு பொருட்டே இல்லை, ஆனாலும் அன்றைக்குப் பல் கிட்டியது. மனிதவளப் பிரிவு மேடம் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். மஞ்சள் மையால் கோடு போட்ட ஒரே ஒரு வரி: ‘ஓகே சேர், தேங்க்யூ சேர்’. பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று.

நான்தான் அனுப்பினேன். இரவு 10.50க்கு எங்கள் ஜெனரல் மெனேஜர், “இன்னைக்குச் சாரியில சூப்பரா இருந்த. நாளைக்கும் அப்படியே வா” என்று போட்டதற்கு நான் எழுதிய பதில் அது. அவர் போட்டதை அவர் எப்போதோ அழித்துவிட்டார். என்னுடையது மட்டும் மிஞ்சி, கொழும்பு வரைக்கும் வந்து, கோடு போடப்பட்டு என் முன்னாலேயே கிடந்தது.

இதை எழுத இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஹோட்டலின் பெயரும் அவர் பெயரும் இங்கே வராது. பெயரைப் போட்டால் பேச்சு முழுக்க அந்த ஆளைப் பற்றியே போய்விடும். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. வேலை வாங்கிக் கொடுத்தவருக்கு நன்றியோடு இருக்கணும் என்று சொல்லிச் சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். அந்த நன்றி என் வாயை எப்படிக் கட்டிப்போட்டது, கட்டை அவிழ்க்கும்போது எங்கெங்கே தவறினேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்து வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறிக்கிறவர், அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. உயர்தரத்தில் வர்த்தகம் படித்து, ஹற்றனில் கணக்கியல் கோர்ஸ் ஒன்றும் முடித்துவிட்டு வீட்டில் இருந்த காலம் 2022. கோதுமை மாவு விலை ஏறி, ரொட்டி சுடுவதற்கே கணக்குப் பார்த்த வருடம். அப்போதுதான் நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் வந்தது. சொல்லி அனுப்பியவர் அங்கே ஜெனரல் மெனேஜராக இருந்த ‘நம்ம ஆள்’.

அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். ரூம்போயாகச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்து, கோட் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரரோடு இங்கிலீஷ் பேசுகிற இடத்துக்கு வந்தவர். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்காவது வேலை போட்டுக் கொடுத்திருப்பார். காமன் கூத்துக்கு ஸ்பீக்கர் செட், கோயில் தேருக்கு லைட், இறுதிக் கிரியை என்றால் வேன். எங்கள் அப்பா அவர் பெயரைச் சொல்லும்போது துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிடுவார். பெரிய துரைக்குக்கூட அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

முதல் மூன்று மாதம் என்னை ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிட்டார். எல்லார் முன்னாலும் அப்படித்தான். இரவு மெசேஜில் அந்தத் தங்கச்சி இருக்கமாட்டாள்.

எப்படித் தொடங்கியது என்று எல்லாரும் கேட்டார்கள், விசாரணையிலும் கேட்டார்கள். ஒரு நாள் தொடங்கியது என்று சொல்ல முடியாத மாதிரித்தான் அது தொடங்கும். “தூங்கிட்டியா?”, “சாப்பிட்டியா?”, ஒரு பூப் படம், ஒரு குட்மோர்னிங். வேலை விஷயம் ஒன்று, நடுவில் இது ஒன்று. நாளைக்கு பேங்க்குக்குப் போற செக் ரெடியா என்று கேட்டுவிட்டு, அடுத்த வரியில் “குளிருதா?” என்பார். எதைத் தப்பு என்று சொல்வது? செக்கையா, குளிரையா? யாரிடமாவது காட்டினால், பாசமாக் கேட்கிறார், உனக்கு ஏன் புத்தி இப்படிப் போகுது என்பார்கள். நானே எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அந்த முதல் இரண்டு மாத மெசேஜ்களை நான் அழித்துவிட்டேன். தம்பி என் போனை எடுத்து விளையாடுவான், பார்த்துவிடுவானோ என்று வெட்கம். நான் செய்த எல்லாத் தவறுக்கும் தலையானது இதுதான். அசிங்கம் என்று நினைத்து அழிப்பது நம்முடைய சாட்சியை. அசிங்கம் அவருடைய போனிலும்தான் இருந்தது, அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

பிறகு நாற்காலி. மாதக் கடைசியில் கணக்குச் சரிபார்க்கிற சாக்கில் என் பின்னால் வந்து நிற்பார். முதலில் நாற்காலியின் முதுகில் கை. மோதிரத்தால் பிளாஸ்டிக்கில் டொக் டொக் என்று தட்டுவார். ஒரு வாரம் கழித்து அந்தக் கை என் தோளில். நான் ஃபைல் எடுக்கிற மாதிரி முன்னால் குனிந்தேன். நிமிர்ந்தபோது கை அதே இடத்தில் காத்திருந்தது. இப்போதும் யாராவது மேசையில் மோதிரத்தால் தட்டினால் எனக்கு முதுகுத் தண்டு விறைக்கும்.

2023 ஏப்ரல் சீசன். நுவரெலியாவில் பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், ஊரே திருவிழா. ஹோட்டலில் ஓர் அறையும் காலியில்லை, எங்களுக்கும் வீட்டுக்குப் போக லீவு இல்லை. ஒருநாள் மாலை இன்டர்கொம்மில் கூப்பிட்டு, மூன்றாம் மாடியில் ஓர் அறை நம்பரைச் சொல்லி, சில்லறைச் செலவு எழுதுகிற பெட்டிகேஷ் புத்தகத்தை அங்கே கொண்டுவரச் சொன்னார். பெட்டிகேஷ் புத்தகத்தை விருந்தினர் அறையில் வைத்து யார் பார்ப்பார்கள்? எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. படிக்கட்டில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் அக்கா எதிரே வந்தார். சிங்கள அக்கா, வெலிமடைப் பக்கம், ஐம்பது வயதிருக்கும். என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துவிட்டது போல. எங்கே போறாய் என்று மட்டும் கேட்டார். அறை நம்பரைச் சொன்னேன். கையில் இருந்த துவாய்களை அப்படியே அணைத்துக்கொண்டு என்னோடு நடந்து வந்தார்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், அக்காவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “இவங்களை ஏன் கூட்டிட்டு வந்த?” என்று தமிழில் கேட்டார். அக்காவுக்குத் தமிழ் விளங்கும், அது அவருக்குத் தெரியாது. இந்த ஒரு கேள்விதான் பின்னால் விசாரணையில் என்னைக் காப்பாற்றியது.

இறங்கி வரும்போது அக்கா படிக்கட்டில் நின்று, நாளும் நேரமும் இன்றைக்கே எழுதி வை என்றார். அவருக்கும் முன்பு ஒரு தடவை, வேறொரு ஹோட்டலில். அப்போது எழுதி வைக்காமல் விட்டதால் வேலையை விட்டுப் போனது அவர்தான். அன்றைக்கு இரவே கடையில் 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். திகதி, நேரம், இடம், அவர் சொன்னது அவர் வார்த்தையிலேயே, நான் என்ன செய்தேன், யார் பக்கத்தில் இருந்தது. என் மனம் என்ன பாடுபட்டது என்பதெல்லாம் அதில் இல்லை, அதை வேறு எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். கணக்குப் படித்த பழக்கமோ என்னமோ, பேரேடு மாதிரித்தான் எழுதினேன். இடையில் பக்கம் கிழிக்கவில்லை, வெள்ளையடித்துத் திருத்தவில்லை. ஹோட்டல் குவாட்டர்ஸில் வைக்காமல் வார லீவில் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் வைத்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்தால், முறைப்பாடு கொடுத்த அன்றே என் பாஸ்வேர்டை நிறுத்தினார்களே, அதோடு அதுவும் போயிருக்கும்.

மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் அப்போதுதான் பழகினேன். பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, ‘சேர்’ என்று நான் யாரை வேண்டுமானாலும் சேமித்து வைத்திருக்கலாமே என்பார்கள். அவருடைய நம்பர் தெரிகிற மாதிரியும் ஒன்று, திகதி தெரிகிற மாதிரியும் ஒன்று எடுக்க வேண்டும். அனுப்பிவிட்டு உடனே அழிக்கிற ஆளாக இருந்தால், வந்த கையோடு எடுத்துவிட வேண்டும். அழித்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று கிடக்குமே, அதையும் விடக் கூடாது. இரவு 11 மணிக்கு ஒரு மேலாளர் எழுதி எழுதி அழித்திருக்கிறார் என்பதும் ஒரு செய்திதான். முக்கியமாக, அந்தப் போனை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ கூடாது. திரை உடைந்தாலும் பத்திரமாக வைத்திருங்கள்.

அப்புறம் அந்த ஒரு வாக்கியம். சேருக்கு நேராக ‘வேண்டாம்’ என்று நான் எழுதியதே இல்லை. ஓகே சேர், தேங்க்யூ சேர், நைட்டி நைட் சேர் என்று மரியாதையாகத்தான் தப்பித்துக்கொண்டிருந்தேன். நம் வீடுகளில் பெரியவர்களிடம் அப்படித்தானே பேசப் பழக்கியிருக்கிறார்கள். மேலதிகாரியிடம் சிரித்துப் பேசியது சம்மதம் ஆகாது, சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் விசாரணை மேசையில் இருப்பவர்களுக்கு அந்தச் சிரிக்கிற முகம் பெரிய விஷயமாகத் தெரிகிறது. மே மாதம் ஒருநாள் அக்கா பக்கத்தில் இருக்க எழுதினேன்: “சேர், வேலை விஷயம் தவிர வேறு மெசேஜ் எனக்கு அனுப்ப வேண்டாம். எனக்குப் பிடிக்கவில்லை.” இரண்டே வரி. அனுப்பிவிட்டுக் கை நடுங்கியது. இப்படி எழுத முடியாத நிலையில் இருப்பவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன், எனக்கே ஏழு மாதம் ஆனது.

அதற்குப் பதில் மெசேஜில் வரவில்லை. மறுநாள் அறைக்குக் கூப்பிட்டார். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார். “உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் என் மேசையிலதான் இருக்கு. உங்க அப்பாவுக்கு நான் வாக்குக் குடுத்துதான் உன்னை எடுத்தேன். ஒரு டின்னருக்கு வந்து பேசுறதுக்கு இவ்வளவு யோசிக்கிற. நன்றி வேணாமா புள்ள?”

நன்றி. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை, குற்ற உணர்ச்சிதான் வந்தது. ஹற்றன் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், நான்தான் நன்றி கெட்டவளோ என்று யோசித்துக்கொண்டு போனேன். நானுஓயா தாண்டித்தான் ஒன்று தோன்றியது. என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னார்கள், ஆறு பேரில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். தகவல் சொன்னது அவர். வேலை என் படிப்புக்குக் கிடைத்தது. தகவல் சொன்னதற்கு வீட்டிலிருந்து ஒரு பாக்கெட் தேயிலையும் பலகாரமும் கொடுத்தாயிற்று, அந்தக் கணக்கு அதோடு சரி.

அன்றைக்கு இரவு அம்மாவிடம் சொன்னேன். அடுப்படியில், ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவேயில்லை. நான் எல்லாம் சொல்லி முடித்தபிறகு அவர் தன் கதையைத் தொடங்கினார். எனக்கு அதுவரை தெரியாத கதை.

“கொழுந்து நிறுக்கிற எடத்துல, கூடைய எறக்குறப்ப கைய வெப்பான். கங்காணிதான். எடுன்னு சொன்னவளுக்கு அன்னைக்கு ரெண்டு கிலோ கழிச்சிருவான், ஈரக் கொழுந்துன்னு. அடுத்த நாள் கரட்டு மலைக்கு அனுப்புவான். கிலோ வராது, அரைப்பேருதான் விழும், பாதிச் சம்பளம். நாங்க என்னா செஞ்சோம், ரெண்டு ரெண்டு பேராத்தான் தராசுக்குப் போவோம். ஒருத்தி கூடைய எறக்குவா, ஒருத்தி அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிப்பா.”

யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் சொன்னார்களாம். பேசி முடிச்சிடலாம் என்றாராம். “ஏழாம் நம்பர் மலை, தைப்பூசத்துக்கு மொத நாளு, அந்திக் கொழுந்து. அவன் என்னா சட்ட போட்டிருந்தான்னு இப்பவும் சொல்லுவேன். யாரு கேட்டா?”

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். பிறகு, “எழுது புள்ள. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார்.

அப்பாவிடம் பேசியது சுலபமாக முடியவில்லை. இரண்டு நாள் அவர் என்னோடு பேசவே இல்லை. தோட்டத்தில் விஷயம் கசிந்தபோது வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு மாதிரி கேட்டார்கள்: நம்ம ஆளு ஒருத்தன் மேல வந்திருக்கான், அவனையும் கீழ இழுக்கணுமா? அவரு போயிட்டா நம்ம புள்ளைகளுக்கு யாரு வேலை போட்டுக் குடுப்பா? இதற்கு என்னிடம் இன்றைக்கும் நல்ல பதில் இல்லை. உண்மையாகவே அவர் நிறையப் பேருக்கு வாழ்வு கொடுத்தார், அதில் பொய்யில்லை. ஆனால் அவர் மூலம் வேலைக்குப் போன பிள்ளைகளில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டு வந்தார்கள் என்று நான் எண்ணிப் பார்த்தேன். நான்கு பேர். ‘குளிர் ஒத்துக்கல’ என்று ஒருத்தி வந்தாள். அவள் பிறந்ததே பனிக்குள்.

முறைப்பாட்டுக் கடிதம் முதலில் ஆறு பக்கம் வந்தது. கண்ணீரும் கம்பலையுமாக. அதைக் கிழித்துவிட்டு ஒன்றரைப் பக்கத்தில் எழுதினேன்: எந்தெந்த நாளில் என்ன நடந்தது, யார் பார்த்தது, எப்போது வேண்டாம் என்று எழுதினேன், அதன் பிறகு என்ன நடந்தது, எனக்கு என்ன வேண்டும். கடைசியில் சொன்ன அந்த ஒன்றைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நடவடிக்கை எடுங்கள் என்று பொதுவாக எழுதினால் ஏதோ ஒரு நடவடிக்கை எடுத்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். விசாரணை முடியும்வரை அவருக்குக் கீழே என்னை வைக்கக் கூடாது, என் கன்ஃபர்மேஷனை அவர் தீர்மானிக்கக் கூடாது என்று இரண்டை எழுதினேன். தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, அதன் பிரதியை என் சொந்த முகவரிக்கும் போட்டுக்கொண்டேன். அதே கடிதத்தை நுவரெலியா ரவுனில் இருக்கிற அந்தச் சிவப்புக் கட்டிட போஸ்ட் ஒபீஸில் பதிவுத் தபாலிலும் போட்டேன். சுற்றுலா வந்தவர்கள் வெளியே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிவுத் தபால் துண்டு இன்னும் கொப்பிக்குள் இருக்கிறது. கடிதம் கிடைக்கவில்லை என்று ஒருமுறை சொல்லத்தான் செய்தார்கள்.

கண்டிக்குப் போய் ஒரு சட்டத்தரணியைப் பார்த்ததும் அந்த வாரம்தான். கை வைத்தால்தான் குற்றம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். தண்டனைச் சட்டக் கோவையில் 345ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோடு இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தது. சொல்லாலோ செயலாலோ ஒருவருக்குப் பாலியல் தொல்லை கொடுத்தாலும் அது குற்றம். அதிகாரத்தில் இருப்பவர் வேலைத்தலத்திலோ வேறெங்கோ விரும்பாத ஒருவரைப் பாலியல் ரீதியாக நெருங்கினால் அதுவும் இதற்குள் வரும் என்று விளக்கமும் போட்டிருக்கிறார்கள். 5 வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். நட்டஈடு கொடுக்கவும் நீதிமன்றம் சொல்லலாம். சட்டம் ‘பெண்’ என்று சொல்லவில்லை, ‘இன்னொருவர்’ என்றுதான் சொல்கிறது. ஹோட்டல்களில் வேலை செய்கிற நம் பையன்கள் சிலருக்கு நடப்பது எனக்குத் தெரியும், அவர்கள் யாரிடமும் வாய் திறப்பதே இல்லை. அவர்களுக்கும் இதே பிரிவுதான்.

கம்பனி விசாரணை முடிந்தால்தான் பொலிஸுக்குப் போகலாம் என்று ஒன்றும் இல்லை. பெண்கள், சிறுவர் பணியகம் உள்ள பொலிஸ் நிலையத்துக்கு நேராகவே போகலாம். என்ன செய்வது, எங்கே போவது என்று தெரியாதவர்கள் பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு அழைக்கலாம். வேலையை விட்டு நிறுத்தினாலோ, நிற்க முடியாதபடி செய்து விரட்டினாலோ தொழில் நியாயசபைக்குப் போகலாம், ஆனால் 6 மாதத்துக்குள் போக வேண்டும். இது பலருக்குத் தெரியாமல், அழுது முடிக்கவே 6 மாதம் போய்விடுகிறது. அரச அலுவலகத்தில், பாடசாலையில் இப்படி ஒரு கையெழுத்துக்கு, ஓர் இடமாற்றத்துக்கு விலை பேசினால் அது பாலியல் இலஞ்சம். 2023ஆம் ஆண்டு ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதைப் பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இந்தியாவில் 2013 சட்டப்படி 10 பேர் வேலை செய்கிற இடத்திலேயே இதற்கென்று ஓர் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். நம் நாட்டில் தனியார் கம்பனிகளைக் கட்டாயப்படுத்துகிற அப்படி ஒரு தனிச் சட்டம் நான் விசாரணைக்குப் போன காலத்தில் இல்லை. சம்பளப் பேச்சுவார்த்தைக் காலத்தில் பத்திரிகையில் பார்ப்போமே முதலாளிமார் சம்மேளனம், அவர்களும் சர்வதேச தொழில் அமைப்பும் சேர்ந்து ஒரு நடத்தைக் கோவை வெளியிட்டிருக்கிறார்கள். எங்கள் ஹோட்டலிலும் ஒன்று இருந்தது. ஸ்டாஃப் கென்டீனில் ஒட்டியிருந்தது, இங்கிலீஷில், பிரிட்ஜுக்குப் பின்னால்.

விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. போக்குவரத்துக்கு ஹோட்டல் வேன் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். காலை 4 மணிக்குப் புறப்படுகிற அந்த வேனில் வேறு யார் போகிறார்கள் என்று டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். “சேரும் நீங்களும்தான்” என்றார். கெட்ட எண்ணத்தோடு செய்தார்களோ, யோசிக்காமல் செய்தார்களோ தெரியாது. யோசிக்காமல் செய்ததாகத்தான் நினைக்கிறேன், அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. நான் முதல் நாள் இரவே ஹற்றனில் கொழும்பு பஸ் ஏறினேன். அப்பா கூட வந்தார். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. கித்துல்கலையில் தேநீருக்கு நிறுத்தியபோது எனக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

விசாரணை இங்கிலீஷில், இடையிடையே சிங்களத்தில். எனக்கு இரண்டும் தெரியும், ஆனால் கடைக்குப் போகிற, கணக்கு எழுதுகிற அளவுக்கு. தோளில் வைத்த கையைப் பற்றிச் சொல்கிற அளவுக்கு இல்லை. தமிழில்தான் சொல்வேன் என்றேன். சரி என்று ஒருவரை மொழிபெயர்க்க வைத்தார்கள். “தோளில் கை வைத்தார். நான் குனிந்து விலகினேன். நிமிர்ந்தபோது மறுபடி வைத்தார், எடுக்கவில்லை” என்று சொன்னேன். கையெழுத்துப் போடத் தந்த தாளில், இங்கிலீஷில், அவர் என் தோளைத் தொட்டார் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அர்த்தம் ஒன்றுதானே என்றார்கள். இல்லை மேடம், நான் விலகியது அதில் இல்லை என்றேன். விலகினேன் என்பதுதானே முழு விஷயமும்? இருபது நிமிடம் பிடிவாதம் பிடித்தபிறகு திருத்தி டைப் பண்ணினார்கள். தமிழில் எழுதிய என்னுடைய வாக்குமூலத்தையும் சேர்த்து இணைக்க வைத்தேன். பொலிஸிலும் இதே கதைதான். நுவரெலியா, பதுளைப் பக்கம் பொலிஸில் சிங்களத்தில் எழுதிக்கொண்டு கையெழுத்துப் போடு என்பார்கள். தமிழ் அரசகரும மொழி, நம் மொழியில் முறைப்பாடு கொடுக்க நமக்கு உரிமை இருக்கிறது. குறைந்தது வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எவ்வளவு நேரம் ஆனாலும்.

‘ஓகே சேர், தேங்க்யூ சேர்’ பற்றிக் கேட்டபோது நான் தயாராக இருக்கவில்லை. கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பிறகு, “மேடம், நீங்க இன்னைக்கு எனக்கு டீ தந்தப்பவும் நான் தேங்க்யூன்னுதான் சொன்னேன். இங்க வர எனக்கு விருப்பமிருந்துச்சுன்னு அர்த்தமா?” என்று கேட்டேன். இது ஏதோ நான் யோசித்து வைத்த பதில் இல்லை, பயத்தில் வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் எதையோ எழுதிக்கொண்டார்.

ஏன் உடனே சொல்லவில்லை என்றும் கேட்டார்கள், எல்லா இடத்திலும் கேட்கிற கேள்வி. கொப்பியைத் திறந்து காட்டினேன். அது இல்லாவிட்டால் அந்தக் கேள்வியோடு நான் முடிந்திருப்பேன். அக்காவும் வந்து சாட்சி சொன்னார். கதவடியில் சேர் கேட்ட கேள்வியை, தமிழிலேயே, சேருடைய குரலிலேயே சொல்லிக் காட்டினாராம். பதவி உயர்வுக்குப் பெயர் போயிருந்த நேரத்தில் வந்து சொன்னார். அவரை ஹோட்டலில் யாரும் மிரட்டவில்லை, ஆனால் அந்த உயர்வு அந்த வருடம் கிடைக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. ஜெனரல் மெனேஜருக்கு எழுத்து மூலமான கடும் எச்சரிக்கையும் இடமாற்றமும். தென்கரையில் அதே கம்பனியின் இன்னொரு ஹோட்டலுக்கு, அதே பதவியில், அதே சம்பளத்தில். எனக்குப் புரொபேஷன் மூன்று மாதம் நீட்டிப்பு. காரணம் கேட்டு எழுதினேன், பிரதியைச் சட்டத்தரணிக்கும் போட்டேன். இரண்டு வாரத்தில் கன்ஃபர்மேஷன் வந்தது. பொலிஸுக்கு நான் போகவில்லை. போயிருக்கலாமே என்று கேட்டால், ஆமாம், போயிருக்கலாம். அப்போது எனக்கு அவ்வளவு தெம்பு மிஞ்சியிருக்கவில்லை, வீட்டிலும் இல்லை. அந்தக் கடற்கரை ஹோட்டலில் கணக்குப் பிரிவில் ஒரு பிள்ளை இருப்பாள்தானே என்று நினைப்பு வரும்போதெல்லாம் இரவில் தூக்கம் போய்விடும்.

ஒரு வருடம் அங்கேயே வேலை செய்துவிட்டு, கண்டியில் வேறு வேலை கிடைத்துப் போனேன். அப்பா இப்போது பேசுகிறார். காமன் கூத்துக்கு ஸ்பீக்கர் செட்டை அந்த வருடம் இளைஞர்கள் காசு சேர்த்து வாடகைக்கு எடுத்தார்கள், சத்தம் கொஞ்சம் கரகரத்தது என்று கேள்வி.

போன மாதம் சித்தி மகள் நுவரெலியாவில் இருந்து கோல் எடுத்தாள். ஒரு கம்பனியில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நல்லா இருக்கியா, குளிரா, சாப்பாடு எப்படி என்று சுற்றிச் சுற்றிப் பேசினாள். வைக்கப் போகிற நேரத்தில், “அக்கா, எங்க சேர் நைட்ல மெசேஜ் போடுறாரு. தப்பா ஒண்ணும் இல்ல. சும்மாதான். அழிச்சிரவா?” என்று கேட்டாள்.

அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு, அப்புறம் ஆறுதலாப் பேசலாம் என்றேன். பதினைந்து நிமிடத்தில் நான்கு படம் வந்தது. மூன்றாவது படத்தில் நேரம் இரவு 10.42. அதற்குக் கீழே அவளுடைய பதில்: ‘ஓகே சேர்’. பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம்.